40 கேபிபிஎஸ்ஸில் ஒரு விலைப்பட்டியல்

பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ப்ரீபெய்டு திட்டங்கள் பலவற்றில் ஒரு வரி உண்டு: அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 40 கேபிபிஎஸ் ஆகக் குறையும். ஜியோ, ஏர்டெல் திட்டங்களில் அதே இடத்தில் 64 என்று இருக்கும். 1998-இல் வந்த வி.90 டயல்-அப் மோடத்தின் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ இரவு எட்டு மணிக்கு “நெட் தீர்ந்துபோச்சு” என்று ஒருவர் சொன்னால், கையில் இருப்பது 5ஜி போனாகவே இருந்தாலும், நள்ளிரவு வரை அவருக்குக் கிடைப்பது டயல்-அப் இணைப்புதான். சிலருக்கு அதற்கும் கீழே.

வேகமான இணைப்புள்ள ஒரு கணினியை வேண்டுமென்றே டயல்-அப் அளவுக்கு மெதுவாக்கிப் பார்க்கும் வேலையை இந்த இடத்திலிருந்துதான் நான் அணுகுகிறேன். அதைப் பழைய ஞாபகத்துக்காகச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய மோடங்களைத் தேடி வாங்கி, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியைத் தொலைபேசி நிலையம்போல வைத்து, அந்தக் கிறீச்சொலியோடு இணைப்பை எழுப்புகிறார்கள். அது அழகான கைவேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்துக்கு இது ஞாபகத்தைச் சேர்ந்த விஷயமே அல்ல. இங்குள்ள மக்கள் திறக்க வேண்டிய ஒவ்வொரு இணையப் பக்கமும் வெளியாகும் முன் தாண்டியிருக்க வேண்டிய சோதனை இது. அந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. நடக்கும் இடங்களிலும் பாதிதான் நடக்கிறது.

முதலில் டயல்-அப் என்ன என்பதைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். எதைப் போலச் செய்கிறோம் என்று தெரியாமல் போலச் செய்ய முடியாது. வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில். தொடக்க வேகம் 9.6 கேபிபிஎஸ். மலிவான கணக்கு வாங்கியவர்களுக்குப் படமே கிடையாது; கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் வந்து, பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்தபோதுதான் சிறு நகரங்களில் பலர் முதல் முறையாக இணையத்தைப் பார்த்தார்கள்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே அதில் போகும். எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலானபோது, ஒரு குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, அளவுக்கு 8 பிட் என்று பதிந்தார்கள். பெருக்கினால் 64,000, ஒரு தொலைபேசி உரையாடலின் கொள்ளளவு அதுதான். அதில் 8 பிட்டையும் நம்ப முடியாமல் 7 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டதால் 56 என்ற எண் வந்தது. அந்த 56-உம் கீழிறங்கும் திசைக்கு மட்டும்தான். வீட்டிலிருந்து மேலே போகும் திசையில் வி.90-இன் எல்லை 33.6. கம்பியில் ஈரம், எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம், இணைப்புப் பெட்டியில் துரு, எல்லாம் சேர்ந்து நடைமுறையில் நாற்பதுகளிலேயே நிறுத்திவிடும். இன்றைய கைபேசித் திட்டத்தின் 64-உம் அந்த ஒற்றைக் குரல்வழியின் 64-உம் ஒரே எண்ணாக இருப்பது என்னை இன்னும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது. நூறு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ள நாட்டில் ஒருவருடைய மாலை நேரத்துக்கான இணையம் ஒரு தொலைபேசி உரையாடலின் அளவுக்குச் சுருங்குகிறது.

இனி கருவிகள். இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்ஸோ. 1997-இல் அவர் வெளியிட்ட டம்மிநெட், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் வலையமைப்புப் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்து, போகிற வருகிற தரவுப் பொட்டலங்களைப் பிடித்து, சொன்ன வேகத்தில், சொன்ன தாமதத்தில், சொன்ன அளவு இழப்போடு விடும். இன்று ஆப்பிள் கணினிகளில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் என்ற பெயரில் கிடைப்பது அந்த மரபில் வந்ததுதான். லினக்ஸில் டிசி என்ற கட்டளை இதைச் செய்கிறது. அதனோடு சேர்ந்த நெட்எம் தாமதத்தையும் இழப்பையும் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸில் கிளம்சி போன்ற சிறு மென்பொருள்கள் உண்டு.

வேகத்தைக் குறைக்கும் முறை எளிமையானது. ஒரு வாளியில் குறிப்பிட்ட வேகத்தில் டோக்கன்கள் விழுந்துகொண்டே இருக்கும். பொட்டலம் வெளியே போக வேண்டுமென்றால் தன் எடைக்கு ஏற்ற டோக்கனை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ரேஷன் கடையில் டோக்கன் இல்லாதவர் வரிசையில் நிற்பதைப்போல, டோக்கன் சேரும்வரை அது காத்திருக்கும். நொடிக்கு 40,000 பிட்டுக்கான டோக்கன் விழுகிறது என்று வைத்தால், வழக்கமான 1500 பைட் பொட்டலம் ஒன்று வெளியேற 0.3 நொடி பிடிக்கும்.

புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே அடிக்கடி ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். லினக்ஸின் டிசி இயல்பாக வெளியே போகும் பொட்டலங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் பக்கம் திறப்பதில் பெரும்பகுதி உள்ளே வரும் பொட்டலங்கள். அவற்றையும் மெதுவாக்க, உள்வரவை ஒரு போலி இடைமுகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அல்லது நடுவில் இன்னொரு சிறு கணினியை வைத்து, போன், மடிக்கணினி எல்லாம் அதன் வைஃபை வழியாகவே போகும்படி செய்ய வேண்டும். இரண்டாவது வழியே மேல் என்பது என் கருத்து. சோதிக்கும் கருவியிலேயே கட்டுப்பாட்டையும் வைக்காமல் தனியே வைத்தால், உண்மையான போனையே சோதிக்கலாம். ஃபேஸ்புக் 2015 மார்ச்சில் திறந்த மூலமாக வெளியிட்ட ஆக்மென்டெட் டிராஃபிக் கன்ட்ரோல் இதே அமைப்புதான். அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ‘2ஜி செவ்வாய்’ என்று ஒன்றை ஏற்படுத்தியது. செவ்வாய்க்கிழமை உள்ளே நுழைகிறவரிடம், அடுத்த ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் பயன்படுத்திப் பார்க்கிறீர்களா என்று திரை கேட்டது. இந்தியா போன்ற நாடுகளின் பயனர்கள் என்ன படுகிறார்கள் என்று கலிஃபோர்னியாவில் இருக்கிற பொறியாளருக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

டயல்-அப்பைத் துல்லியமாகப் போலச் செய்ய எந்த எண்களைக் கொடுப்பது? வெப்பேஜ்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஆயத்தமான அமைப்பு ஒன்று இருக்கிறது: கீழிறக்கம் 49 கேபிபிஎஸ், மேலேற்றம் 30, போய்வரும் தாமதம் 120 மில்லி நொடி. நல்ல எண்கள் இவை. மோடத்தின் தாமதம் தூரத்தால் வருவது மட்டுமல்ல. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றுவதிலும், பிழை திருத்துவதிலும், தரவைச் சுருக்குவதிலும் நேரம் போகும். பக்கத்துத் தெருவில் இருக்கும் சர்வரை அழைத்தாலும் நூறு மில்லி நொடிக்கு மேல் ஆகும்.

உலாவிகளிலேயே உள்ள வேகக்கட்டுப்பாட்டைத்தான் பெரும்பாலான நிரலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். குரோமின் டெவ்டூல்ஸைத் திறந்து ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ‘ஸ்லோ 3ஜி’ என்று பல ஆண்டுகளாக அங்கே இருந்த அமைப்பின் வேகம் 400 கேபிபிஎஸ். பக்கத் தரத்தை மதிப்பெண்ணாகச் சொல்லும் லைட்ஹவுஸ் கருவி ‘மெதுவான 4ஜி’ என்று கொள்வது 1.6 எம்பிபிஎஸ், அதாவது நம்முடைய 40-ஐப் போல நாற்பது மடங்கு. அதிலும் லைட்ஹவுஸ் இயல்பான அமைப்பில் இணைப்பை உண்மையில் மெதுவாக்குவதே இல்லை. முழு வேகத்தில் பக்கத்தைத் திறந்து, மெதுவாக இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப்போட்டுச் சொல்கிறது. வளர்ந்த நாட்டின் சராசரிப் பயனருக்கு அது போதும். ‘மெதுவான இணைப்பிலும் 90 மதிப்பெண்’ என்று ஒரு நிறுவனம் தன் அறிக்கையில் காட்டினால், அந்த மெது எது என்று நம் ஊர் அதிகாரி கேட்க வேண்டும். இதே உலாவி உலகத்திலேயே இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. இணைப்பின் தரத்தைப் பக்கத்துக்குச் சொல்லும் நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் ஏபிஐ, 50 கேபிபிஎஸ் வரை உள்ளதை ‘ஸ்லோ-2ஜி’ என்றும், 70 வரை உள்ளதை ‘2ஜி’ என்றும் வகுக்கிறது. அந்த வகைப்பாட்டில் பி.எஸ்.என்.எல்.லின் 40 கடைசிப் படியில் நிற்கிறது. தெரிந்தே அந்தப் படியை வகுத்து வைத்திருக்கிறார்கள். சோதிக்கும்போது மட்டும் அதை விட்டுவிடுகிறார்கள்.

வேக எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டாலும் சோதனை சரியாகிவிடாது. இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான்.

டேட்டா தீர்ந்தபின் வேகத்தைக் குறைக்க நிறுவனங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதிகமாக வரும் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திவைத்து மெல்ல விடுவது. மற்றது, வரம்புக்கு மேல் வருகிறதை அப்படியே தூக்கி எறிவது. எறிந்ததை அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடியும் எறிந்தால் மறுபடியும் அனுப்ப வேண்டும். கூகுள் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி எறியப்படும் இணைப்புகளில் பொட்டல இழப்பு சராசரியாக ஆறு மடங்கு அதிகம் என்று கண்டது. வேக எண் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பக்கம் மெதுவாக ஆனால் நிதானமாக வரும். இரண்டாவதில் கொஞ்சம் வரும், நின்றுவிடும், பிறகு ‘சுத்திக்கிட்டே இருக்கு’ என்ற நிலைக்குப் போய்விடும். வாளி முறையை மட்டும் வைத்துச் சோதிக்கும் நிரலாளர் முதலாவதைத்தான் பார்க்கிறார். அவருடைய மேசையில் பக்கம் பொறுமையாக வந்து முடியும். பயனருடைய போனில் அது வராமலே போகும்.

இன்றைய இணையமும் அன்றைய இணையமும் வேறு என்பது அடுத்தது. 1998-இல் பக்கம் பூட்டில்லாமல் வந்தது. இன்று எல்லாமே மறையாக்கத்தில். ஒரு பக்கம் பேச ஆரம்பிக்கும் முன்பே சான்றிதழ்கள் வந்துபோக வேண்டும். அவை நான்கு கிலோபைட் என்று வைத்தாலும் 40 கேபிபிஎஸ்ஸில் முக்கால் நொடிக்கு மேல் ஆகும். பக்கம் ஒன்று பத்து வெவ்வேறு இடங்களிலிருந்து எழுத்துரு, விளம்பரம், கண்காணிப்பு நிரல் என்று அழைத்தால் பத்து முறை அந்தக் கட்டணம். இன்றைய சர்வர்கள், இணைப்பின் வேகம் தெரியாத முதல் கணத்திலேயே பத்துப் பொட்டலங்களை ஒரே மூச்சில் அனுப்புகின்றன. 2013-இல் வகுக்கப்பட்ட நடைமுறை அது. 40 கேபிபிஎஸ்ஸில் அந்தப் பத்தும் வந்து சேர மூன்று நொடி. அந்த மூன்று நொடியும் வேறு எதுவும் உள்ளே வர முடியாது. வேகத்தைக் குறைத்த இன்றைய கணினி 1998-ஐத் திருப்பித் தராது. அதைவிட மோசமான ஒன்றைத்தான் தரும்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் சேர்க்காத ஒன்றும் இருக்கிறது. சோதிக்கும் மடிக்கணினியில் அந்த 40 கேபிபிஎஸ் முழுவதும் ஒரே ஒரு பக்கத்துக்கு. உண்மையான போனில் அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட வீடியோ இறங்கப் பார்க்கும், செயலிகள் தங்களைப் புதுப்பிக்கப் பார்க்கும், புகைப்படங்கள் மேகத்துக்கு ஏறப் பார்க்கும். எல்லாம் அதே குறுகிய வழியில். சோதனையை நேர்மையாகச் செய்ய வேண்டுமென்றால், பின்னணியில் ஏதாவது ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். போனும் மூன்று நான்கு ஆண்டு பழையதாக, நினைவகம் நிரம்பியதாக இருக்க வேண்டும்.

இதே மாவட்டத்தின் சிவகாசிக்கு வருவோம். 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த ஊர் இது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் பட்டாசுக் கடைகள் புது வியாபாரத்தைத் தொடங்கும். அதை ஒட்டி அந்த ஆண்டின் விலைப்பட்டியலும் வெளியாகும். இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனாலும் விலைப்பட்டியலைக் காட்டும் தளங்கள் ஊரில் நிறையவே இருக்கின்றன. சரக்கு என்ன இருக்கிறது, பெட்டி என்ன விலை என்று பார்க்க வெளியூர்க்காரர்கள் அவற்றைத்தான் திறக்கிறார்கள்.

அப்படி ஒரு பக்கத்தை நடுவில் கட்டுப்பாட்டுக் கணினி வைத்து 40 கேபிபிஎஸ்ஸில் திறந்து பார்த்தேன். பெயர் வேண்டாம், அந்தத் தளத்துக்கு மட்டுமே உரிய குறை இல்லை இது. முதலில் நெடுநேரம் வெள்ளைத் திரை. பிறகு பக்கத்தின் தலைப்பில் ஓடும் பெரிய பேனர் படம், மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக வர ஆரம்பித்தது. வானத்தில் விரியும் ஃபேன்சி வெடி ஒன்றின் மேல்பாதி தெரிந்தது. அது முடியும் முன் இரண்டாவது பேனரும் மூன்றாவது பேனரும் வழியைப் பங்குபோட வந்துவிட்டன. அவை இன்னும் திரைக்கு வரவே வேண்டாத படங்கள். எழுத்துரு இறங்காததால் தலைப்புகள் வெற்றிடமாகவே நின்றன. கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் என்று பட்டியல் வர ஆரம்பித்தபோது ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு படம். விலை எழுத்தாகவே இருந்தது. ஆனால் அதைத் திரைக்குக் கொண்டுவரும் நிரல் எல்லாப் படங்களுக்கும் பின்னால் வரிசையில் நின்றது.

கணக்காகப் பார்ப்போம். இருநூறு சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் 30 கிலோபைட் படம் என்று வைத்தால் 6 மெகாபைட். 40 கேபிபிஎஸ்ஸில் அது வந்து சேர 20 நிமிடம், அதுவும் ஒரு பொட்டலம்கூடத் தொலையாமல் இருந்தால். அதே இருநூறு சரக்கின் பெயர், பெட்டிக்கு எத்தனை, விலை மட்டும் எழுத்தாக இருந்தால், தமிழிலேயே எழுதினாலும் சுமார் 50 கிலோபைட். சர்வர் அதைச் சுருக்கி அனுப்பினால் சில நொடி.

தமிழிலேயே எழுதினாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் வழங்கும் யூனிகோட் வடிவமான யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று. ‘கொ’ என்று ஒரு எழுத்தாக நாம் பார்ப்பது உள்ளே இரண்டு குறி, ஆறு பைட். டயல்-அப் காலத்தில் தமிழ் இணையம் டிஸ்கி, தாப், தாம் போன்ற ஒற்றை பைட் குறியாக்கங்களில் இயங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அந்தக் குறுகிய வழியில்தான் உலகெங்கும் கொண்டுசேர்த்தது. யூனிகோடுக்கு மாறியது சரியான முடிவு. திரும்பிப் போக வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அளவுள்ள தமிழ் உரை சுருக்காமல் வந்தால் ஏறக்குறைய 60 கிலோபைட், 40 கேபிபிஎஸ்ஸில் 12 நொடி. ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வருவதால் தமிழ் உரை நன்றாகச் சுருங்கும். சுருக்கினால் அந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். சர்வரில் சுருக்கத்தை இயக்கி வைப்பது ஒரே ஒரு வரி அமைப்பு. தமிழ்த் தளம் நடத்தும் யாராக இருந்தாலும் இதையாவது சரிபார்க்க வேண்டும். எழுத்துரு இறங்கும்வரை எழுத்தை மறைத்து வைக்காமல், போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவிலேயே காட்டிவிட வேண்டும். இரண்டும் பைசா செலவில்லாத வேலை.

வாடிக்கையாளர்கள் இதற்குத் தாங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். “அண்ணே, பக்கம் திறக்க மாட்டேங்குது. லிஸ்ட்ட வாட்ஸ்அப்ல போட்டு விடுங்கண்ணே” என்பது சீசனில் கடைக்காரர் காதில் விழுந்துகொண்டே இருக்கும் வாக்கியம். இதன் பொருளை நிரலாளர்கள் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப் அதிக வேகத்தில் இயங்குகிறது என்பதால் மக்கள் அதைக் கேட்கவில்லை. பாதியில் நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது, போன் பையில் இருக்கும்போதே முயன்றுகொண்டிருக்கிறது, வந்ததும் சத்தம் கொடுக்கிறது. அதனால்தான் கேட்கிறார்கள். மெதுவான இணைப்பை மனதில் வைத்துக் கட்டிய பொருளின் குணம் அது.

டயல்-அப்பைப் போலச் செய்வது சோதனைக்காக மட்டும் நடந்ததில்லை. ஒரு நிலப்பரப்பு முழுவதன் மீதும் அரசு அதைச் செய்திருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் ஜம்மு-காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் மட்டும் திரும்பியது. 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். நடுவில் கொரோனா வந்தது. தீவிர சிகிச்சைக்கான வழிகாட்டுதல் கோப்பு ஒன்று, 24 மெகாபைட், ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை என்று ஸ்ரீநகர் மருத்துவர் ஒருவர் பகிரங்கமாகவே எழுதினார். 64 கேபிபிஎஸ்ஸில் 24 மெகாபைட் என்றால் 50 நிமிடம். அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அந்தக் கோப்பை வெளியிட்டவர்கள் இப்படி ஒரு வேகத்தில் யாராவது அதை இறக்குவார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்தவர்களுக்கு முதல் பொறுப்பு. ஆனால் எழுத்தாக இருந்தால் சில நூறு கிலோபைட்டில் முடியும் ஒன்றை 24 மெகாபைட்டாக்கி அனுப்புவதும் ஒரு தேர்வுதான்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. வேகம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்று 2004-இல் சொன்ன அரசு, 2013-இல் 512 என்றும் 2023-இல் 2 எம்பிபிஎஸ் என்றும் உயர்த்தியது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலை நடக்கிறது. கொஞ்ச காலம் பொறுத்தால் பிரச்சினை தானே தீரும் என்பார்கள். ஆனால் பிராட்பேண்டுக்கு வகுத்த எல்லைகள் ப்ரீபெய்டு போனின் மாலை நேரத்தைத் தொடவில்லை. 40-உம் 64-உம் கோபுரத்தின் கொள்ளளவால் வந்த எண்கள் இல்லை. திட்டத்தில் எழுதிய எண்கள். எவ்வளவு வேகமான வலையமைப்பு வந்தாலும் திட்டத்தில் அந்த வரி இருக்கும்வரை டேட்டா தீர்ந்த பயனர் அதே வேகத்தில்தான் இருப்பார். விருதுநகர் மாவட்டத்தை, ராமநாதபுரத்தோடு சேர்த்து, 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் வைத்தது. இங்கே கூடுதல் டேட்டாவுக்குப் பத்து இருபது ரூபாய் போடுவதற்கு முன் யோசிக்கிற வீடுகள் ஏராளம். ஒரு பிள்ளை பாட வீடியோ பார்த்துவிட்டால் அன்றைய டேட்டா முடிந்தது.

இதில் கவனம் குறைவாகவே கிடைக்கும் பாதி, மேலேற்றம். டயல்-அப்பின் 33.6-ஐ, வெப்பேஜ்டெஸ்ட்டின் 30-ஐ இங்கேதான் நினைக்க வேண்டும். வானம் பார்த்த பூமியான இந்த மாவட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மிகுதி. 2023 ஜனவரி முதல் அந்த வேலையின் வருகைப்பதிவு செல்போன் செயலி வழியே, வேலை நடக்கும் இடத்திலிருந்தே, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றுவது என்று கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நிற்பது கண்மாய்க்கரையில்; டவர் ஒரு கோடு. 3 மெகாபைட் படம் 30 கேபிபிஎஸ்ஸில் மேலேற 13 நிமிடத்துக்கு மேல். போனிலேயே 150 கிலோபைட்டாகச் சுருக்கி அனுப்பினால் 40 நொடி. அந்தப் படம் ஏறாவிட்டால் போகிறது கூலி. 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் பதியும் பட்டாசுத் தொழிலாளியின் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான்: ஓ.டி.பி. குறுஞ்செய்தியாக உடனே வந்துவிடும். அதை இடவேண்டிய பெட்டி திரைக்கு வரும்முன் கெடு முடிந்துவிடக்கூடும். பசுமைப் பட்டாசு உண்மையானதா என்று பார்க்கப் பெட்டியில் நீரி நிறுவனத்தின் க்யூஆர் குறியீடு அச்சாகிறது. வாங்குகிறவர் கடை வாசலில் நின்றபடி அதை ஸ்கேன் செய்கிறார். பதில் வர ஒரு நிமிடம் ஆனால் போனைப் பையில் போட்டுவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சரிபார்ப்பு இருந்தும் இல்லாததுபோல்தான்.

இந்த மாவட்டத்து மக்களுக்கான ஒரு தளத்தையோ செயலியையோ ஒப்பந்தம் விடுகிறவர்கள் எழுத வேண்டிய சோதனை விதியை என்னால் எண்களாகவே சொல்ல முடியும். கீழிறக்கம் 40 கேபிபிஎஸ், மேலேற்றம் 30, போய்வரும் தாமதம் 400 மில்லி நொடி, நூற்றுக்கு இரண்டு பொட்டலம் தொலையும். ஒரு முறை வரிசையில் நிறுத்தும் கட்டுப்பாட்டோடு, ஒரு முறை தூக்கி எறியும் கட்டுப்பாட்டோடு. பழைய ஆண்ட்ராய்டு போன், பின்னணியில் ஒரு பதிவிறக்கம். பத்து நொடிக்குள் படிக்கத்தக்க தமிழ் எழுத்து திரைக்கு வர வேண்டும். படிவத்தில் நிரப்பியது இணைப்பு அறுந்தாலும் அழியக் கூடாது. படம் நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். தாமதத்தையும் இழப்பையும் எவ்வளவு வைப்பது என்பதில் துறைக்காரர்கள் என்னோடு மாறுபடலாம். அந்த எண்களை முடிவுசெய்ய ஒரே வழி, டேட்டா தீர்ந்த போன்களை எடுத்துக்கொண்டு மாலை ஆறிலிருந்து பத்து வரை திருத்தங்கல், தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, மேட்டமலை என்று ஊர் ஊராக நின்று அளப்பது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துத் திட்டப்பணியாக அதைச் செய்துவிட முடியும். கருவிகள் எல்லாம் இலவசம். தேவைப்படுவது சில சிம் அட்டைகளும் ஒரு பேருந்துப் பாஸும்.